தொல்லை, அகற்றப்பட்டது

"உள் லைட்டை அணைச்சுட்டுத்தான்பா இறங்கினேன். எத்தனை வாட்டி சொல்றது?"

"அப்போ பேட்டரி தானா செத்துப்போச்சா? தற்கொலை பண்ணிக்கிச்சா?"

"மூணுமே இந்த வீட்டுல இருக்கப் பிடிக்காம செத்திருக்கும்பா."

"வாய். வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது உனக்கு. லைட்டை அணைக்க கைதான் வராது."

காலை ஏழு மணிக்கு எதிர்வீட்டில் குரல் இந்த உயரத்துக்கு ஏறினால் தெருவில் யாருக்கும் பல் தேய்க்கத் தோன்றாது. பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு பால்கனிக்கும் வாசலுக்கும் வந்து நின்றோம். எச்சில் துப்பினால் ஒரு வசனம் போய்விடும் என்று சிலர் விழுங்கியும் விட்டார்கள்.

கத்திக்கொண்டிருந்தவர் பம்ப்ஹவுஸ்காரர். ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில், கண்ட்ரோல் ரூமில், முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். ஒரு சுவர் முழுக்க விளக்குகள். பச்சை எரிந்தால் சும்மா இருக்க வேண்டும், சிவப்பு எரிந்தால் யாரையாவது கூப்பிட வேண்டும். பெரும்பாலும் பச்சைதான் எரிந்தது என்பது அவர் சாதனை. பதிலுக்குக் கத்தியவள் அவருடைய ஒரே மகள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. நடுவில் பானெட்டைத் திறந்துகொண்டு வாயைப் பிளந்தபடி நின்றது அவர்களுடைய டீசல் கார். வயது இருபத்திரண்டு. வாங்கியபோது வெள்ளை என்று சொல்கிறார்கள்.

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு வருஷமாக அவர் கார் ஓட்டுவதில்லை. சாவியை மட்டும் விடவில்லை. பேண்ட் வளையத்தில் ஒரு கொக்கி, கொக்கியில் சாவி. காலையில் மகள் கை நீட்டி வாங்க வேண்டும், சாயங்காலம் கை நீட்டித் திருப்பித் தர வேண்டும். தந்த பிறகு அவர் ஒரு நீளமான நோட்டில் தேதி, எத்தனை கிலோமீட்டர், ஓட்டியவர் யார், வண்டியின் நிலை என்ன என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். கண்ட்ரோல் ரூமில் பழகிய பழக்கம். வேலை அவரை விட்டுவிட்டது, அவர்தான் அதை விடவில்லை.

இந்தச் சண்டைக்கு வருவோம். மகளுக்கு ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் ஓர் ஊரில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்திருந்தது. சுற்றியுள்ள பள்ளிக்கூடங்களுக்குப் போய் பிள்ளைகளின் கண்ணைப் பார்க்க வேண்டும். சொந்த வாகனம் கட்டாயம், திங்கட்கிழமை சேர வேண்டும் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தது. அன்றைக்குச் சனிக்கிழமை. "வண்டியை எடுத்துட்டுப் போ" என்று அவர் வாய் நிறையச் சொன்னவர்தான். ஆனால் எட்டு மாதத்தில் இரண்டாவது பேட்டரியும் செத்துப்போனதும் சொல் மாறியது. "ஒரு லைட்டை அணைக்கத் தெரியாதவ, ஊரான் பிள்ளைங்க கண்ணைக் காப்பாத்தப் போறாளாம். மூணாவதும் போகட்டும், அப்புறம் வண்டியும் கிடையாது, ஊரும் கிடையாது." மூன்றாவது அன்றைக்குக் காலையில் போயிருந்தது. கார் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் அதே கண்ணாடிக் கடை, அதே கொக்கி, அதே நோட்டு.

"டைனமோ சார்ஜ் ஏத்தலையோ என்னவோ, அதையும் பாக்கலாமே" என்றாள் மகள். பெல்ட்டில் சுற்றி, என்ஜின் ஓடும்போதே பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை அந்த வீட்டில் டைனமோ என்றுதான் சொல்வார்கள்.

"தள்ளி விட்டா என்ஜின் நாள் பூரா ஓடுதுல்ல? டைனமோ கெட்டிருந்தா எப்படி ஓடும்?" என்றார் அவர், வழக்கை முடித்துவைக்கிற குரலில்.

தள்ளி விடுவதைப் பற்றி எங்களைக் கேட்க வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள் தெரு ஆண்கள்தான் தள்ளினார்கள். எங்கள் வீட்டுக்காரர் இதற்கென்றே இடுப்புக்கு ஒரு பெல்ட் வாங்கினார். வீட்டில் ஒரு நாற்காலியை நகர்த்தச் சொன்னால் அந்த பெல்ட் கிடைக்காது.

மகள் அப்பாவை விட்டுவிட்டுத் தெருவைப் பார்த்துப் பேசினாள். அதுதான் அவள் சாமர்த்தியம். "ஒரு ஆளைக் கூப்பிட்டுக் காட்டுவோம். என் தப்புன்னு சொன்னா இனிமே சாவியைத் தொடக்கூட மாட்டேன். என் தப்பு இல்லைன்னா வண்டி என்னோட வருது. எல்லாரும் கேட்டுக்கங்க."

எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்ததால் அவருக்கு வேறு வழியில்லை. "கூப்பிடு. எவனை வேணா கூப்பிடு. முப்பத்தொரு வருஷம் கரண்டோட குடும்பம் நடத்தினவன் நான்."

வந்தவனைக் கிளிப்பு என்று கூப்பிடுவார்கள். வண்டிகளுக்கு மின்வேலை பார்ப்பவன். சட்டைப் பையில் எப்போதும் முதலை வாய்க் கிளிப்புகள் நாலைந்து கவ்வித் தொங்கும். நாற்பதுக்குள் இருக்கும், வாட்டசாட்டம், அதிகம் பேச மாட்டான். "நல்லா இருக்கானே" என்று பக்கத்து வீட்டு அக்கா என் காதில் சொன்னார். கல்யாணப் பேச்சு அந்த நிமிஷமே ஆரம்பித்துவிட்டது என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

பம்ப்ஹவுஸ்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காரின் மூக்குக்கு முன்னால் போட்டு, நோட்டை விரித்து, குற்றப்பத்திரிகை வாசித்தார். "பதினாலாம் தேதி. ஓட்டியவர் மகள். காலை பேட்டரி இறந்து கிடந்தது. காரணம், கவனக்குறைவு. அடுத்தது. இருபத்தேழாம் தேதி. ஓட்டியவர் மகள்..."

"ஓட்டினது நான் மட்டும்தானே, வேற யார் பேரு வரும்?" என்றாள் மகள்.

கிளிப்பு இரண்டு பேரையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லி, பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி, நடுவில் மீட்டரை வைத்துப் பார்த்தான். "ஒண்ணும் இழுக்கலை சார். வண்டி நிக்கறப்போ எங்கயும் கரண்ட் போகலை."

"இப்ப லைட் அணைஞ்சிருக்கு. அவ ஓட்டிட்டு வந்தா அணையாது."

"அந்தக் குட்டி லைட் ராத்திரி பூரா எரிஞ்சாலும் நல்ல பேட்டரி சாகாது. மூணு நாலு நாளாவது எரியணும்."

"அப்போ மூணு நாலு நாள் எரிஞ்சிருக்கும்."

"தினமும் ஓட்டற வண்டியிலயா சார்?"

அவர் நோட்டில் ஏதோ தேடுவது போலப் பக்கத்தைப் புரட்டினார். மாமியார் உடைத்தால் மண்குடம் என்கிற நியாயம் மாமியார்களுக்கு மட்டும் சொந்தமில்லை.

பிறகு எங்கள் வீட்டுக்காரரும் இன்னும் மூன்று பேரும் தள்ளினார்கள். கார் இருமி, புகையை எங்கள் துணிக்கொடிக்கு அனுப்பிவிட்டு ஓட ஆரம்பித்தது. ஓடுகிற என்ஜினில் கிளிப்பு பேட்டரி மேல் மீட்டரை வைத்தான். "பதினாலு காட்டணும். பதினொண்ணே முக்கால் காட்டுது." மகளை விளக்கைப் போடச் சொன்னான். எண் பதினொன்றரைக்கு இறங்கியது. ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதிக்கச் சொன்னான். பதின்மூன்று வரை தத்தி ஏறி மறுபடி விழுந்தது. "சார்ஜ் ஏறலை. ரொம்ப வேகமா மிதிச்சா கொஞ்சம் ஏறுது, அவ்வளவுதான்."

"உன் மீட்டர் தப்பு."

கிளிப்பு மறுபேச்சில்லாமல் தன் வேனை ஸ்டார்ட் செய்து அதில் மீட்டரை வைத்துக் காட்டினான். பதினாலே கால்.

"உன் வண்டி புதுசு" என்றார் பம்ப்ஹவுஸ்காரர். அந்த வேன் அவர் காருக்கு அண்ணன் முறை.

"அப்போ என்ஜின் மட்டும் எப்படிய்யா நாள் பூரா ஓடுது? அதைச் சொல்லு."

"பழைய டீசல் சார். ஒரு தடவை பிடிச்சுக்கிச்சுன்னா ஓடறதுக்குக் கரண்ட் வேண்டாம். பெட்ரோல் வண்டியா இருந்திருந்தா பாதி வழியில நின்னு என்னைக்கோ காட்டிக் கொடுத்திருக்கும். இது காட்டிக் கொடுக்காம உழைச்சிருக்கு."

சமையலறை ஜன்னலில் அவருடைய மனைவியின் முகம் தெரிந்தது. எந்தச் சண்டையிலும் அந்த அம்மாள் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வந்ததில்லை.

கிளிப்பு என்ஜினை அணைத்துவிட்டு உள்ளே தலையை விட்டான். "சாவியைத் திருப்புங்க. ஸ்டார்ட் பண்ண வேண்டாம்." மகள் திருப்பினாள். ஸ்பீடு மீட்டருக்குக் கீழே ஆயில் விளக்கு எரிந்தது, ஹீட்டர் விளக்கு எரிந்தது, கை பிரேக் விளக்கு எரிந்தது. "பேட்டரி படம் போட்ட சிவப்பு லைட் எங்க?"

"அது முன்னாடி வண்டி ஓடும்போது லேசா மினுக்கிட்டே இருந்துச்சு" என்றாள் மகள். "அப்பாகிட்ட சொன்னேன். அப்புறம் நின்னு போச்சு. சரியாயிருச்சுன்னு நெனச்சேன்."

கிளிப்பு நாலு திருகைக் கழற்றி மீட்டர் பலகையை முன்னால் இழுத்து, பின்பக்கம் விரலை விட்டுத் தடவினான். "பல்பே இல்லையே. ஃப்யூஸ் போனா பல்பு உள்ளதான் இருக்கும். இது கழட்டியிருக்கு."

"எவனாவது மெக்கானிக் திருடியிருப்பான்" என்றார் பம்ப்ஹவுஸ்காரர், பதில் வாயிலேயே தயாராக இருந்ததுபோல.

"இவ்வளவு பெரிய வண்டியில இதையா சார் திருடுவான்?" கிளிப்பு சுண்டுவிரல் நுனியைக் காட்டினான். "இது வெறும் லைட் இல்லை. ஆல்டர்னேட்டர் முதல்ல முழிக்கறதுக்குக் கொஞ்சம் கரண்ட் வேணும். அது இந்த பல்பு வழியாத்தான் போகுது. பல்பை எடுத்துட்டா அது எழுந்திருக்காது. யாரு எடுத்தாங்கன்னு தெரிஞ்சா, எப்பலேர்ந்து கோளாறுன்னு சொல்லிடலாம்."

பம்ப்ஹவுஸ்காரர் நோட்டை மூடினார். "வெயில் ஏறுது. முட்டி வலிக்குது" என்று எழுந்தார். காலை எட்டு மணி, வானம் மூடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மனைவி கிளிப்புக்கு டீ எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். டம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டு, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு கணவர் முன்னால் நீட்டினார்.

"ஏங்க, அந்த நோட்டைக் கொடுங்க."

"இதுல என்ன இருக்கு உனக்கு?"

"இவ்வளவு நேரம் நீங்க படிச்சீங்க. கொஞ்சம் நான் படிக்கறேன்."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. நோட்டைப் பிடித்துக்கொண்டு மனைவியோடு இழுபறி செய்வது ஓய்வு பெற்ற ஒரு அதிகாரிக்கு அழகில்லை என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். விட்டுவிட்டார். அந்த அம்மாள் பக்கங்களைத் தேடவே இல்லை. நடுவில் திறந்து இரண்டு தாள் பின்னால் போய் நிறுத்தினார். எழுத்துக்கூட்டிப் படிப்பவர் போல மெதுவாகப் படித்தார்.

"மூன்றாம் தேதி. மாலை ஆறு மணி. சிவப்பு விளக்கு லேசாக எரிகிறது. காரணம் தெரியவில்லை. தொல்லை. அகற்றப்பட்டது." நிமிர்ந்து பார்த்தார். "கீழ உங்க கையெழுத்து."

தெருவில் பிரஷ் ஒன்று கீழே விழுந்த சத்தம் கேட்டது.

பம்ப்ஹவுஸில் ஒரு விதி உண்டாம். இதைப் பின்னால் எங்களுக்குச் சொன்னது அவரோடு வேலை பார்த்தவர். ஒரு விளக்கு காரணமில்லாமல் எரிந்து கண்ணை உறுத்தினால் பல்பைக் கழற்றிவிட்டு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த ஷிப்டுக்கு வருபவர் நோட்டைப் படித்து, ஆள் கூப்பிட்டு, கோளாறைச் சரி செய்து பல்பைத் திரும்ப மாட்டுவார். நம்மவர் முப்பத்தொரு வருஷமும் முதல் பாதியைச் செய்தவர். இரண்டாவது பாதியை யாரோ செய்தார்கள். வீட்டில் அடுத்த ஷிப்ட் என்று ஒன்று இல்லை என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

"முறைப்படி பதிவு பண்ணியிருக்கேன்ல?" என்றார் அவர். குரலில் குற்ற உணர்ச்சி இல்லை, கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "மறைக்கணும்னா எழுதுவேனா?"

"யாரு படிக்கறதுக்குப்பா எழுதினீங்க?"

"அடுத்து வண்டியை எடுக்கறவங்க படிக்கறதுக்கு."

"அடுத்து எடுக்கறது நான்தானே. இந்த நோட்டை என்னைக்காவது என் கையில கொடுத்தீங்களா?"

கிளிப்பு டீயைக் குடிப்பதில் மும்முரமானான்.

"நான்தான் டார்ச் பிடிச்சேன்" என்றார் மனைவி, நோட்டைப் பார்த்துக்கொண்டே. "எரியற விளக்கை எதுக்குப் பிடுங்கறீங்கன்னு கேட்டேன். 'உனக்கு ஒண்ணும் தெரியாது, டார்ச்சை நேராப் பிடி'ன்னீங்க. நேராத்தான் பிடிச்சேன்."

மகள் அம்மாவின் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தை அப்போது நாங்கள் எல்லாரும் பார்த்தோம். "எட்டு மாசமா தெரு முழுக்கக் கேக்கற மாதிரி என்னைத் திட்டினாரேம்மா. உனக்குத் தெரிஞ்சிருந்துச்சா?"

"அந்த பல்புக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு தெரியாதும்மா." நோட்டை மூடினார். "நீ அணைக்கலைன்னுதான் நானும் நெனச்சேன். அவர் அவ்வளவு உறுதியாச் சொன்னாரு. நானும் நம்பிட்டேன்."

நாங்கள் வேறெங்கோ பார்த்தோம். அந்த உறுதியை நம்பியவர்களில் தெருவும் உண்டு. "பொண்ணு கொஞ்சம் அலட்சியம்" என்று அந்த எட்டு மாதத்தில் நானே நாலு வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

கிளிப்பு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஒரு தகர டப்பாவிலிருந்து புது பல்பை எடுத்துப் பொருத்தினான். சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்தது. ஆனால் சோகையாக எரிந்தது. "உள்ள கரண்ட் கடத்தற கார்பன் பிரஷ் சரியாத் தொடலை" என்று சொல்லி, பெல்ட்டைத் தளர்த்தி ஆல்டர்னேட்டரைக் கழற்றி நடைபாதையில் கவிழ்த்தான். கறுப்பு எண்ணெய் ஒழுகிக் குளம் கட்டியது. பிரேக்குக்குக் காற்று உறிஞ்சும் சின்ன பம்ப் ஒன்று இந்த மாதிரிப் பழைய டீசலில் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே உட்கார்ந்திருக்குமாம். அதன் சீல் தேய்ந்து என்ஜின் ஆயில் உள்ளே இறங்கி, பிரஷ் இரண்டும் ஊறிப் பிசுபிசுத்துப்போயிருந்தன.

பம்ப்ஹவுஸ்காரருக்கு உயிர் வந்தது. "பாத்தியா. பம்ப்ல கோளாறு. பம்ப் எண்ணெய் கக்கினா நான் என்ன பண்ணுவேன்? பல்பு இல்லாததால ஒண்ணும் வரலை."

"கோளாறு பம்ப்லதான் சார்" என்றான் கிளிப்பு. "லேசா எரிஞ்சப்பவே கூப்பிட்டிருந்தீங்கன்னா பிரஷ்ஷும் சீலும் மாத்தி ஒரு மத்தியானத்துல முடிஞ்சிருக்கும். மூணு பேட்டரியும் உயிரோட இருந்திருக்கும்."

"அப்போ என் தப்பா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கண்ணா" என்றாள் மகள்.

"உங்க தப்பு எதுவும் இல்லைம்மா. பிரேக் கொஞ்ச நாளா கல்லு மாதிரி இருந்திருக்குமே, அதோட எப்படி ஓட்டினீங்கன்னுதான் தெரியலை."

"பிரேக்கை மிதிக்கத் தெரியலைன்னும் நோட்டுல எழுதியிருக்காரு" என்றாள் அவள். உண்மைதான். அந்த அம்மாள் அந்தப் பக்கத்தையும் எடுத்துக் காட்டினார்.

மதியத்துக்குள் சீல் வந்தது, பிரஷ் வந்தது. மூன்று மணிக்குக் கிளிப்பு எல்லாவற்றையும் மாட்டி, வேன் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து, மகளை சாவியைத் திருப்பச் சொன்னான். யாரும் தள்ளாமல் கார் பிடித்துக்கொண்டது. சிவப்பு விளக்கு எரிந்து, அணைந்தது. மீட்டர் பதினாலே கால் காட்டியது. இடுப்பு பெல்ட்டோடு தயாராக நின்ற எங்கள் வீட்டுக்காரர், பெண் வீட்டில் பந்திக்கு உட்கார்ந்தும் இலை கிடைக்காத சம்பந்தி மாதிரி முகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

மகள் காரிலிருந்து இறங்கி அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். கை நீட்டவில்லை. அதுவரை சாவி வண்டியிலேயே இருந்தது என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. கொக்கியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எடுத்துட்டுப் போ. வேண்டாங்கலை. ஆனா நானும் கூட வர்றேன். பக்கத்துல உக்காந்து ரெண்டு மாசம் பாக்கறேன். எனக்குத் திருப்தியாச்சுன்னா திரும்பிடறேன்."

மகள் வாயைத் திறப்பதற்குள் மனைவி பேசினார். "ஆறு மணி நேரம் காலை மடக்கி உக்காந்தா உங்க முட்டி என்னத்துக்கு ஆகும்? நீங்க இருங்க. நான் போயிட்டு வர்றேன். வீடு பாத்து அடுப்பு பத்த வச்சுக் கொடுத்துட்டுப் பத்து நாள்ல வந்துடறேன்."

"எனக்குச் சாப்பாடு?"

"எங்க எது இருக்குன்னு எழுதி வச்சுட்டுப் போறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் புறப்பட்டார்கள். பின்சீட்டில் கண் பரிசோதிக்கும் லென்ஸ் பெட்டி, டிக்கியில் பாத்திரம். பத்து நாளைக்கு எதற்கு அம்மி அளவில் மிக்ஸி என்று பக்கத்து வீட்டு அக்கா அப்போதே கேட்டார். நான்தான் கவனிக்கவில்லை.

கிளிப்புக்கும் மகளுக்கும் இந்தத் தெரு மூன்று மாதம் கல்யாணம் பேசியது. மண்டபம் வரைக்கும் வந்துவிட்டோம். ஒருநாள் ஒரு பெண் ஸ்கூட்டரில் இரண்டு பிள்ளைகளோடு வந்து அவனுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போனாள். கட்டிப் பதினொரு வருஷம் ஆகிறதாம். நாங்கள் யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

மகளுக்குப் போன வருஷம் அந்த ஊரிலேயே கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார். பிள்ளைகளுக்குச் சோதனை செய்ய வந்த இடத்தில், தப்பான கண்ணாடியைப் பல வருஷமாகப் போட்டுக்கொண்டு பந்தைத் தவறவிட்டுக்கொண்டிருந்த அவரைக் கண்டுபிடித்தாளாம். பத்திரிகை பம்ப்ஹவுஸ்காரருக்குத் தபாலில் வந்தது. அதில் பெண்ணின் தகப்பனார் என்று அவர் பெயரும் இருந்தது. பஸ்ஸில் போனார், முன்வரிசையில் உட்கார்ந்தார், மறுநாள் பஸ்ஸில் திரும்பினார்.

பத்து நாளில் வருவதாகச் சொன்ன அந்த அம்மாள் திரும்பவே இல்லை. பம்ப்ஹவுஸ்காரரின் தங்கை வந்து இரண்டு மாதம் சமைத்துப் போட்டார். பிறகு தன் பையன் வீட்டுக்கே போய்விட்டார். என்ன நடந்தது என்று பெட்டியோடு நின்ற அவரிடம் கேட்டேன். "அண்ணி இத்தனை வருஷம் எப்படி இருந்தாங்கன்னு கேக்கத் தோணுது" என்று மட்டும் சொன்னார்.

மகளுக்கு இப்போது மாசம் ஏழு. மனைவி ஞாயிறுதோறும் கணவருக்குப் போன் செய்து மாத்திரை சாப்பிட்டாரா என்று கேட்கிறாராம். அவரும் ஒரு பெட்டியில் நாலு சட்டை மடித்து வைத்திருப்பதாக வீட்டைப் பெருக்க வருகிற பெண் சொல்கிறாள். கூப்பிட்டால் கிளம்பிவிடுவார். அந்த அம்மாள் இன்னும் கூப்பிடவில்லை.